பக்கம் 3, வரி 14

பாப்பா,

உன் கிரிக்கெட் பத்திரிகையோட பிடிஎஃப் வந்து சேந்துச்சு. ராத்திரி 3.40க்கு அனுப்பிருக்க. கூட ஒரு வார்த்தை போடல, பரவால்ல, எனக்கு அனுப்பணும்னு தோணுச்சே அதுவே போதும். அம்மாகிட்ட காட்டுனேன், அட்டைய பெருசு பண்ணி பாத்துட்டு ஆசிரியர்னு உன் பேரு போட்டிருக்குற இடத்த ரெண்டு தடவ தடவிப் பாத்தா. உன் பேரு வர்ற புஸ்தகத்த வேற யாரோ அச்சடிக்கப் போறாங்களேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா மெஷின வித்தாச்சு, இனிமே அதப் பேசி என்ன.

அக்கா பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான். மோட்டார் திரும்பவும் காயில் போயிடுச்சு. மத்தபடி இங்க எல்லாம் எப்பவும் போலத்தான். நீ சாப்பிடுறியா? மெஸ் பிடிக்கலன்னா வெளிய சாப்பிடு, காசு அனுப்புறேன், ஆனா ராத்திரி பட்டினியா மட்டும் படுக்காத. 22 நாளா உன் குரல் கேக்கல. அம்மாகிட்ட பேசுறன்னு தெரியும், என்ன பேசுனான்னு கேட்டா நல்லாருக்காங்குறா, அதோட சரி.

புரூப் ரெண்டு ராத்திரி உக்காந்து பாத்தேன். கடையில பிரிண்ட் எடுத்து சிகப்பு பேனாவுல 31 இடம் குறிச்சிருக்கேன், எல்லாத்தையும் போட்டோ எடுத்து தனியா அனுப்புறேன், பெருசா இருக்குறத மட்டும் இங்க எழுதுறேன்.

மொதல்ல பக்கக் கணக்கு. 42 பக்கம் வச்சிருக்க. சென்டர் பின் அடிக்கணும்னா 4ஆல வகுபடணும்மா, ஒரு தாள மடிச்சா 4 பக்கம், அதான் கணக்கு. 40 ஆக்கு, இல்ல ரெண்டு பக்கம் சேத்து 44 ஆக்கு. ரெண்டு பக்கத்துக்கு விளம்பரம் புடிச்சுப் போட்டா பேப்பர் செலவாவது வரும். அப்புறம் ரேப்பர் கலர், ஸ்கிரீன்ல தெரியுற அந்த சிகப்பு ஆஃப்செட்ல வராது, சிஎம்ஒய்கேவுக்கு, அதான் அச்சு மை நாலு கலருக்கு, மாத்திட்டு ஒரு தடவ பாரு, செங்கல் மாதிரி மங்கித் தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி இப்பவே சரி பண்ணு. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலா விட்டுரு, இல்லன்னா கட்டிங்ல வெள்ளக் கோடு விழும். அந்தக் காலத்து தலித் பவுலர் பல்வங்கர் பாலு கட்டுரைக்கு கருப்பு பேக்ரவுண்டுல மெல்லிசான வெள்ள எழுத்து வச்சிருக்கியே, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா மேப்லித்தோ பேப்பர்ல மை பரவி எழுத்து அடைச்சுக்கும், போல்டு போடு. பக்கம் 9ல 'கொடுத்தார்' பாரு, கொம்பு கழண்டு புள்ளி வட்டத்தோட தனியா நிக்குது. பக்கம் 16ல ஒரு வரி 'ட்'ல ஆரம்பிக்குது, அதுக்கு அடுத்த வரி 'ம்'ல. மெய்யெழுத்துல வரி ஆரம்பிக்கக் கூடாதும்மா. நான் அச்சு கோத்த காலத்துல இதுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது, மொத்தப் பத்தியையும் பிரிச்சு திரும்ப கோக்க வச்சிருவாங்க.

குத்தமே சொல்றேன்னு நெனைக்காத. பல்வங்கர் பாலு பத்தி நீ எழுதுனத நான் ரெண்டு தடவ படிச்சேன். பூனா ஜிம்கானால மாசம் 4 ரூபாய்க்கு வேலைக்கு நின்ன பையன், வெள்ளக்காரங்களுக்கு நெட்ல பந்து போட்டே பெரிய பவுலரானவன், அவனுக்கு பெவிலியனுக்கு வெளிய மண் குவளைல டீ குடுத்தாங்கன்னு எழுதிட்டு, அடுத்த வரியிலேயே 1911ல இங்கிலாந்து டூர்ல 114 விக்கெட்னு வச்சிருக்க. நடுவுல உன் சொந்தக் கருத்து ஒண்ணும் இல்ல. அந்த எடத்துல எனக்கு தொண்ட அடைச்சுது. கடைசி வரைக்கும் அவருக்கு இந்துக்கள் டீமோட கேப்டன் பதவி குடுக்கல, 1923ல தம்பி விட்டலுக்குத்தான் கெடச்சுதுன்னு நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். மெட்ராஸ் கிரிக்கெட்ட வளத்த புச்சி பாபு பத்துன கட்டுரையும் அப்படித்தான். சேப்பாக்கத்துல நம்ம ஆளுங்களுக்கு பெவிலியன்ல எடம் இல்லாம மரத்தடில உக்காந்து சாப்பிட்டாங்க, அதனாலதான் 1888ல மெட்ராஸ் யுனைடெட் கிளப்பே வந்துச்சுன்னு படிச்சப்ப, இத்தன வருஷம் ரேடியோல சேப்பாக்கம் சேப்பாக்கம்னு கேட்டிருக்கேன், அந்த மரத்த யாரும் சொல்லலியேன்னு இருந்துச்சு. கன்னிமாரா லைப்ரரிலயும் தரமணி ரோஜா முத்தையா லைப்ரரிலயும் நீ நாள் பூரா உக்காந்தது வீண் போகல. இந்திய பொம்பளைங்க டீமோட மொத கேப்டன் சாந்தா ரங்கசாமி காலத்துப் பொம்பளப் புள்ளைங்க அன்ரிசர்வ்டு பெட்டில கிட்பேக்க மடியில வச்சுக்கிட்டு போன கதைய அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஆம்பளைங்க உலகக் கோப்பை 1975, பொம்பளைங்களோடது 1973லயே நடந்துருச்சான்னு ஆச்சரியப்பட்டா. அது ஏன் நம்ம வீட்டு ரேடியோல வரலன்னும் கேட்டா.

சரி, இப்ப பெரிய தப்பு. பக்கம் 27, 86ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட டை ஆன டெஸ்ட் ஸ்கோர்கார்டு. இந்தியா மொத இன்னிங்ஸ் 379ன்னு அடிச்சிருக்க. 397ம்மா. ஆஸ்திரேலியா 574ம் 170ம் 744. நம்மளது 397ம் 347ம் 744. அதனாலதான அது டை. நீ போட்ட மாதிரி போனா நாம 18 ரன்ல தோத்துட்டோம்னு ஆகுது. கபில் தேவ் 119 அடிச்சது, டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனது, கடைசி ஓவர் அஞ்சாவது பால்ல மணிந்தர் எல்பிடபிள்யூ, அந்தப் பக்கம் சாஸ்திரி 48ல நின்னது, எல்லாம் நீ சரியா எழுதியும் ஒரு நம்பர் எடம் மாறுனதுல அத்தனையும் பொய்யாயிடும். பக்கம் 11லயும் பாரு, வினூ மன்கட் 8 விக்கெட் எடுத்து இங்கிலாந்த ஜெயிச்சது 1952, அங்க 1925ன்னு கெடக்கு. இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பிச்சதே 1932ல. உனக்குத் தெரியாததா?

தெரியாம இல்ல, தூங்காம. முப்பது வருஷம் புரூப் பாத்தவன் சொல்றேன், எழுத்துப் பிழை அவசரத்துல வரும், நம்பர் எடம் மாறுறது தூக்கம் இல்லாம இருந்தாத்தான் வரும். முன்னாடி 20 பக்கத்துல நாலு எடம், கடைசி 15 பக்கத்துல பத்தொம்போது. உனக்கு உடம்பு நல்லாருக்கா? ஹாஸ்டல்ல யாராவது எதாவது சொன்னாங்களா? சொல்ல இஷ்டம் இல்லன்னா சொல்ல வேண்டாம், ஆனா தூங்கு. மத்தியானமாவது ஒரு மணி நேரம் தூங்கு. பத்திரிகை நாலு நாள் லேட்டா வந்தா ஒண்ணும் ஆகாது. நேரத்துக்கு சாப்பிடு.

இப்ப பக்கம் 3க்கு வர்றேன். உன் தலையங்கம். அதுல பிழை ஒண்ணுகூட இல்லன்னுதான் மொத நாள் தள்ளி வச்சேன். ரெண்டாவது நாளும் அந்தப் பக்கத்த வேகமா திருப்பிட்டேன். வரி 14. "எங்கள் பெரியப்பா எழுதி வைத்த பதினோரு ஸ்கோர் நோட்டுகள் கரையானுக்கு இரையாகிவிட்டன. இந்த இதழ் அந்த நோட்டுகளுக்கு."

கரையான் இல்ல பாப்பா. நான் தான்.

நீ பிளஸ் ஒன் காலாண்டுல மேத்ஸ்ல 31 வாங்கிட்டு வந்த வாரம். மார்க் ஷீட்ல கையெழுத்து போட்டுட்டு மாடிக்கு வந்தா நீ புஸ்தகத்த மூடி வச்சுட்டு ட்ரங்குப் பெட்டிய தொறந்து நோட்ட எல்லாம் பாய்ல பரப்பி உக்காந்திருந்த. அப்படியே அண்ணன் உக்காந்திருந்த மாதிரியே, ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி. 86ல நம்ம வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும், அத திரும்ப எழுத மாட்டேன். எனக்கு அந்த நிமிஷம் உன் முகம் தெரியல, அவரு முகம்தான் தெரிஞ்சுது. மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போனதும் பதினோரு நோட்டையும் கூட அவரோட பேப்பர் கட்டிங் கட்டையும் சாக்குல போட்டு டிவிஎஸ் 50ல வச்சு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். 14 கிலோ. கிலோ 9 ரூபா. 126 ரூபா குடுத்தான். எண்ணி வாங்குனேன், சில்லறை 6 ரூபாயும் வாங்குனேன்.

அந்தக் காசுலதான் அன்னைக்கு ராத்திரி புரோட்டா வாங்கிட்டு வந்தேன். நீயும்தான் சாப்பிட்ட. சால்னா நல்லாருக்குப்பான்னு சொன்ன.

நீ பெட்டிய தொறந்துட்டு கேட்டப்ப வாயில வந்தது கரையான்னு. நீ அழுதுக்கிட்டே, "தகரப் பெட்டிப்பா, அதுக்குள்ள கரையான் எப்படி போகும்"னு கேட்ட. நான் கத்துனேன். கைய ஓங்குனேன். அதுக்கப்புறம் நீ அதப் பத்தி கேக்கவே இல்ல. மேத்ஸ்ல அடுத்த பரீட்சைல 78 வாங்குன, நான் செஞ்சது சரிதான்னு ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மூணு நாள் கழிச்சு அந்தக் கடைக்குப் போனேன்னு உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. லாரி ஏறிடுச்சு, சிவகாசிக்குப் போயிருக்கும், வெடி சுத்தன்னு சொன்னான். அந்த வருஷம் தீபாவளி மறுநாள் காலைல தெருவுல கெடந்த வெடிப் பேப்பர குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே மெயின் ரோடு வரைக்கும் போனேன். எல்லாம் ஏதோ பசங்களோட பரீட்சைப் பேப்பர், கணக்கு நோட்டு. அண்ணன் எழுத்து ஒண்ணும் கெடைக்கல.

நான் என்ன பண்ணேன்னு யோசிச்சுப் பாரு. நாலு லெட்டர் எடம் மாறுனா ராத்திரி தூக்கம் வராம எந்திரிச்சுப் போயி சரி பண்ணுற ஆளு நான். ஒரு மனுஷன் கையால எழுதுன, உலகத்துல ஒரே ஒரு காப்பி இருந்தத எடைக்குப் போட்டுட்டேன். நீ இப்ப பழைய பத்திரிகைய ஒவ்வொரு பக்கமா பாத்து ஒரு தேதிக்காக நாலு நாள் அலையுற, அந்தப் பெட்டில அதெல்லாம் தேதியோட இருந்துச்சு.

உனக்கு முன்னாடியே தெரியுமா பாப்பா? தெரிஞ்சேதான் கரையான்னு எழுதுனியா? இத எத்தன நாளா கேக்கணும்னு இருக்கேன், போன எடுத்துட்டு திரும்ப வச்சுடுறேன். தெரியாம எழுதியிருந்தா நான் சொன்ன பொய் நாளைக்கு 500 காப்பில அச்சாகி அதே கன்னிமாராவுல போயி உக்காரும், இன்னொரு புள்ள வந்து அத நம்பும். தெரிஞ்சு எழுதியிருந்தா, அப்பாவுக்காக நீ ஒரு பொய்ய அச்சுல ஏத்த வேண்டாம்மா. 397அ 379ன்னு விட்டாலும் யாராவது கூட்டிப் பாத்து கண்டுபிடிச்சுடுவாங்க, இத யாரும் கண்டுபிடிக்க முடியாது.

விளம்பரம் போடச் சொன்னேன்ல அந்த ரெண்டு பக்கம், அத விட்டுரு. வேணும்னா அந்த நோட்டு எப்படி இருந்துச்சுன்னு நான் எழுதித் தர்றேன். உனக்கு ஞாபகம் இருக்குறதவிட எனக்கு அதிகம் இருக்கு, ஏன்னா ரூல் போட்ட அந்த லாங் சைஸ் நோட்ட பைண்டிங் பண்ணிக் குடுத்ததே நான்தான், காலிகோ துணி முதுகு, சிவப்பு ஓரம். பவுண்டரின்னா நீல பென்சில், விக்கெட்னா சிகப்பு. பென்சில் முனைய நாக்குல தொட்டுத்தான் எழுதுவாரு, அதனால ஒவ்வொரு பக்கமும் விக்கெட் விழுந்த எடம் மட்டும் அழுத்தமா இருக்கும். 1983 டிசம்பர்ல கவாஸ்கர் சேப்பாக்கத்துல 236 அடிச்ச அன்னைக்கு ஓரத்துல "மழை, கரண்ட் இல்ல, பேட்டரி ரேடியோ"ன்னு எழுதியிருப்பாரு. 88 பொங்கலப்போ ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தப்ப சிகப்பு பென்சில் தீந்துபோயி கடைசி மூணு விக்கெட்ட அம்மாவோட குங்குமத்துல தொட்டு வச்சாரு. அந்தப் பக்கத்துல மட்டும் ஒரு வாசம் இருக்கும், நீ சின்னதுல மோந்து பாப்ப. டை டெஸ்ட்ட ரேடியோல கேக்கல, நேர்ல போனாரு, அதனால அந்த அஞ்சு நாளுக்கு நோட்டுல பக்கமே இல்ல, டிக்கெட்டோட பாதிய மட்டும் சோத்துப் பசையால ஒட்டியிருந்தாரு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

போடுறதும் போடாததும் உன் இஷ்டம். ஆசிரியர் நீ. ஆனா வரி 14அ மட்டும் மாத்திடு. என் பேரப் போட்டே எழுதலாம், "அப்பா"ன்னும் போடலாம். அது அச்சுல வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரி நானே சொல்லிடுறேன்.

பிளேட் போட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாது, அதனால பிரஸ்ஸுக்கு நாளைக்கே போன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்லு. ஸ்கோர்கார்டுல நம்பர் எல்லாம் வலது பக்கம் ஒட்டி நிக்கணும், ஒண்ணுக்கு நேர ஒண்ணு, பத்துக்கு நேர பத்து. சாப்பிட்டுட்டு உக்காரு. எனக்கு போன் பண்ணணும்னு இல்ல. திருத்துன பிடிஎஃப் மட்டும் அனுப்பு, பதினோரு மணிக்குள்ள அனுப்பு, நான் முழிச்சிருப்பேன்.

அப்பா