அமோனியா தொட்டியைத் திறந்து பாருங்கள்: ரப்பர் பால் ஆலை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பாடாங் செராய் வட்டாரத்தில் ரப்பர் பால் ஆலை நடத்தும் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

தோட்டத்தில் பிறந்து, இன்று அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் நான். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவைப் பற்றி எழுதுகிறேன். அதன் வாடை வந்தால் ஓட வேண்டும் என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாடை வருமுன் தொட்டியின் எஃகில் நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

திரவ அமோனியா எஃகைத் துருப்பிடிக்க வைப்பதில்லை, தகடும் மெலியாது. ஆனால் காற்று புகுந்து ஆக்ஸிஜன் கலந்துவிட்டால், எஃகு இழுபட்டு நிற்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விழுகிறது. வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது உண்டாகும் இறுக்கம் தகட்டிலேயே தங்கிவிடும். விரிசலுக்கு அதுவே போதும். ஆகவே வெளியே நின்று தடிமனை மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. தடிமன் குறையாமலே தொட்டி பிளக்கலாம். தொட்டியைக் காலி செய்து, உள்ளே வெல்டிங் வரிகளைத் துலக்கி, ஒளிரும் காந்தத் துகள் தெளித்துப் புறஊதா விளக்கில் பார்க்க வேண்டும்.

அமோனியாவில் குறைந்தது 0.2 விழுக்காடு தண்ணீர் இருந்தால் விரிசல் பெரிதும் தடுக்கப்படும். சப்ளையரிடம் அந்த அளவை எழுத்தில் கேளுங்கள். ஆனாலும் தண்ணீர் திரவத்திலேயே தங்குவதால், மேலே ஆவி நிற்கும் பகுதிக்கு அந்தக் காப்பு குறைவு. பித்தளை வால்வு, பித்தளை இணைப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். ஈர அமோனியாவில் பித்தளையிலும் இப்படியே விரிசல் விழும்.

விரிசல் தெரிந்தால் மேலே வெல்டிங் வைத்து மூடிவிடாதீர்கள். புது வெல்டிங் புது இறுக்கத்தைக் கொண்டுவரும். சூடேற்றி அதைத் தளர்த்தியாக வேண்டும். 1992-இல் செனகல் நாட்டின் டாக்கார் நகரில், ஒரு கடலை எண்ணெய் ஆலையில் அமோனியா டேங்கர் வெடித்து 129 பேர் மாண்டார்கள். அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட அந்தத் தொட்டி, முன்பே விரிசலுக்காகப் பழுது பார்க்கப்பட்டது.

பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துப் பால் குறையும். தொட்டியைத் திறக்க அதுவே தோதான நேரம். திறந்தால் காற்று புகும். திரும்ப நிரப்புமுன் நைட்ரஜன் செலுத்தி அதை முழுதாக வெளியேற்றுங்கள். சோதனை அறிக்கையைப் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் முன் வையுங்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில்.