மாத்திரையை நிறுத்தலாமாம்

அன்புள்ள முருகேசா,

மூன்று வருஷமாகக் கடிதம் போடாததற்குத் திட்டிக்கொள். ஆனால் பாதியை மிச்சம் வை, படித்து முடித்ததும் தேவைப்படும். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வி கல்யாணத்தில், "என்னடா, கண்ணுக்குக் கீழே ரெண்டு பணியாரம்? ராத்திரிக் கச்சேரியா?" என்று பந்தியிலேயே கேட்டாயே. கச்சேரி இல்லை, இமாட்டினிப் மாத்திரை. 400 மில்லிகிராம், ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். விடிந்தால் கண் வீங்கும். நடுச்சாமத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். எனக்கு 2013-லிருந்து ரத்தப் புற்றுநோய். சிஎம்எல் என்பார்கள். என் வீட்டுக்காரிக்கும் பெரியவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

திட்டிவிட்டாயா? மேலே படி.

முதல் நாள் டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அழுத்தி, மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். அந்த சென்டிமீட்டர், என் வயது, தட்டணுக்கள், ரத்தத்தில் முதிராத செல்கள் எத்தனை சதவீதம், எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு "நடுத்தர அபாயம்" என்றார். அந்த சோகல் கணக்கு 1984-ல் வந்தது. மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததோ 2001-ல். நீ ரயில்வேக்காரன், உனக்குப் புரியும்: மீட்டர் கேஜ் காலத்து அட்டவணையை வைத்து பிராட் கேஜ் வண்டிக்கு நேரம் சொன்ன கதை. மாத்திரை வருவதற்கு முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேர் ஐந்தாறு வருஷத்தைத் தாண்டியதில்லை. ஐரிஸ் என்ற பெரிய ஆய்வில் இந்த மாத்திரையில் ஆரம்பித்தவர்களில் 100-க்கு 83 பேர் 10 வருஷம் கழித்தும் இருந்தார்கள்.

எனக்கு வந்த அதே வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி இந்த மாத்திரையை முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் காப்புரிமை மனுவை சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அவர்கள் மாத்திரை அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகளுடையது பத்தாயிரத்துக்குள். தீர்ப்பு மாறியிருந்தால் கிணற்றடி நிலம் போயிருக்கும்.

இப்போதுதான் சிக்கல். நாலு வருஷமாகப் பிசிஆர் பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை. போன வாரம் டாக்டர், "நிறுத்திப் பார்க்கலாமா?" என்றார். பிரான்ஸில் 100 பேருக்கு நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 40 பேருக்குத் திரும்பவில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறேழு மாதத்திலேயே திரும்பிவிட்டது, மறுபடி மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. மாதாமாதம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால் பயமில்லை என்கிறார்.

அவருக்குப் பயமில்லை. பாதிக்கு மேல் தோற்கிற ஆட்டத்துக்கு நீ சீட்டையே கையில் எடுக்கமாட்டாய். கால் இழுக்கும்போதெல்லாம் 11 வருஷமாகச் சபித்த மாத்திரை, இன்று விடச் சொன்னால் கை வரமாட்டேன் என்கிறது. நேற்று அட்டையிலிருந்து பிதுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, நைவேத்தியமா?" என்றாள். முழுங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் 12-ம் தேதி பதில் சொல்ல வேண்டும். நீ வா. அவளைக் கேட்டால் அழுவாள், பெரியவனைக் கேட்டால் போனைத் தேய்ப்பான். "நிறுத்தித் தொலை" என்றோ "முழுங்கித் தொலை" என்றோ முகத்துக்கு நேரே சொல்ல நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

மருமகளுக்கு இன்னும் தெரியாது. என் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், கச்சேரி என்றே சொல்லிவிடு.

உன்,
சுந்தரம்