கடைமடைக் குழாயிலிருந்து தொடங்கச் சொல்

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் தங்கச்சி ஊராட்சி மன்றத் தலைவராக வந்திருப்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். என் வாழ்த்தை அவளிடம் சொல். பதவியேற்ற கையோடு பெரிய மருத்துவ முகாம் ஒன்று போடலாமா, மதுரையிலிருந்து டாக்டர்களை வரவழைக்கலாமா என்று அவள் யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். முகாமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் அவள் ஊராட்சியின் கடைசிக் குழாய்க்குப் போகட்டும்.

வயலுக்குக் கடைமடை இருப்பதுபோல் குடிநீர்க் குழாய்க்கும் கடைமடை உண்டு. மலையில் அது பெரும்பாலும் காலனியிலோ, தோட்டத்து லைன் வீடுகளிலோ, உங்கள் தாண்டிக்குடிப் பக்கம் என்றால் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலோ போய் முடியும். அந்த வீடுகள் கடைசியில் இருப்பது தற்செயல் இல்லை. ஊர் அவர்களுக்கு ஒதுக்கிய இடமே அதுதான். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதிவிட்டால், ஊராட்சி முழுக்கத் தண்ணீர் நன்றாக இருப்பதாகக் கணக்காகிவிடுகிறது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் முதலில் தலைகாட்டுவது அந்தக் கணக்கில் வராத கடைசிப் பத்து வீட்டில்.

செய்ய வேண்டியது இதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி, குளோரோஸ்கோப், ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். விலை அதிகமில்லை. கடைசிக் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, குப்பியில் எழுதியிருக்கும் கணக்குப்படி ஆர்த்தோடாலிடின் என்ற சோதனை மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். உடனே மஞ்சள் நிறம் எழும். பத்து நொடிக்குள் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும். நேரம் கழித்துப் பார்த்தால், அழுக்கோடு சேர்ந்து செயலிழந்த குளோரினும் நிறம் காட்டி ஏமாற்றும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது கடைசிக் குழாயில் இருந்தாக வேண்டும். நோய் தலைகாட்டிய பகுதியில் 0.5 வேண்டும். அந்த மருந்து கையில் பட்டால் கழுவிவிடச் சொல். சோதித்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிடக் கூடாது.

முதல் முறை பூஜ்யம் வந்தால் பதற வேண்டாம். தொட்டி வெளியேறும் இடத்தில் ஒன்று, நடுவழியில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று இடத்தில் பார்க்கட்டும். தொட்டியிலேயே இல்லை என்றால் பிளீச்சிங் பவுடரிலோ, அதைப் போடும் முறையிலோ கோளாறு. தொட்டியில் இருந்து, இரண்டு குழாய்க்கு நடுவே திடீரென்று விழுந்தால், அந்த நீளத்தில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடையோடு உறவாடுகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகி, வெளியே தேங்கிய கழிவை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதல் குடம் பிடிப்பவர் குடிப்பது அதைத்தான். குழாய் ஓடையையும் சாக்கடையையும் கடக்கும் இடங்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் தேடுவது பாதியாகக் குறையும்.

பிளீச்சிங் பவுடர் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். முப்பதாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 120 கிராம், பாதி இருந்தால் 60. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் கைப்பிடிக் கணக்கில் போடுவதுதான் பல இடத்தில் நடக்கிறது. ஒரு டம்ளரைத் தராசில் வைத்து 120 கிராமுக்குக் கோடு போட்டுத் தொட்டி இயக்குபவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். தூளை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் அரை மணி நேரமாவது தண்ணீரைத் திறக்கக் கூடாது. இரவே போட்டுக் காலையில் திறப்பது இன்னும் நல்லது. வாடையும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஜனங்கள் வாடை அடிக்கிறது என்று சத்தம் போட, இயக்குபவர் பேசாமல் தூள் போடுவதையே நிறுத்திவிடுவதுதான் மலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அவரைத் திட்டிப் பயனில்லை. ஜனங்களிடம் தங்கச்சியே பேச வேண்டும்.

இன்னொன்று, மலைக்கே உரிய சிக்கல். புதுத் தூளில் 33 விழுக்காடு வரை குளோரின் இருக்கும். நம் ஊர் மூடுபனியில், வால்வு அறையில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் அது வேகமாகச் செத்துப்போகும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமல் கட்டிகட்டியாக இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு. அதைக் கணக்குப்படி போட்டாலும் போடாததற்குச் சமம். தயாரித்த தேதி பார்த்துச் சிறுகச் சிறுக வாங்கி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வெளிச்சம் படாமல் வைக்கச் சொல். தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் பக்கம் மார்கழி, தையில் காப்பிப் பழம் எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பல்பர் இயந்திரத்தில் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர் ஓடையில் கலந்து, அந்த ஓடையிலிருந்தே குடிநீர் எடுத்தால், அதிலுள்ள கரிமக் கழிவு குளோரினை விழுங்கிவிடும். வழக்கமான 4 கிராம் அப்போது போதாது. ஆனால் தூளைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல. கழிவுநீரைக் குழி வெட்டித் தேக்கும்படி தோட்டக்காரர்களிடம் அறுவடைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். அறுவடை தொடங்கிய பின் பேசினால் யார் காதிலும் ஏறாது.

குழாயே எட்டாத குடியிருப்புகளில் ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் எந்தத் தொட்டியையும் பார்ப்பதில்லை. இடையில் இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்து, குடியிருப்பிலேயே ஒரு பெண்ணுக்குப் பழக்கிவிட்டால் 8 கிராம் தூளில் வேலை முடியும். அதுவரை 20 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போதும். கிராம சுகாதார நர்ஸம்மாவிடம் கேட்டால் கிடைக்கும். ஊற்றுக்கு மேல் சரிவில் கழிப்பறைக் குழி தோண்ட யாரையும் விடக் கூடாது. மானியம் வந்த அவசரத்தில் இடம் பார்க்காமல் தோண்டி, கீழே குடிக்கும் ஊற்றைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் குப்பிச் சோதனை இருக்கிறதல்லவா, தண்ணீர் ஊற்றி வைத்தால் கறுப்பாக மாறுமே, அதிலும் குளிர் விளையாடும். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால்தான் ஓரிரு நாளில் கறுக்கும். மார்கழிக் குளிரில் ஜன்னலோரம் வைத்துவிட்டு, கறுக்கவில்லை, தண்ணீர் சுத்தம் என்று எழுதினால் தப்பு. துணியில் சுற்றி அடுப்பங்கரை அலமாரியில் கதகதப்பாக வைக்கட்டும்.

தண்ணீருக்கு அடுத்தது ஆள் கணக்கு. இதை யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம். நர்ஸம்மாவின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, ரேஷன் கார்டுப் பட்டியல், வாக்காளர் பட்டியல் நான்கையும் குடியிருப்பு வாரியாக ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல். நான்கில் ஒன்றிலும் இல்லாத குடும்பங்கள் கட்டாயம் இருக்கும். எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அப்படி. உங்கள் பக்கம் காட்டோரப் பளியர் வீடுகள் இருக்கலாம். அவர்கள் நோயாளிகள் ஆவதற்கு முன்பே பட்டியலுக்குள் வர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வரை இறங்கிப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். பதிவு செய்யும் ஆட்களை மலைக்கு ஏற்றிக் கொண்டுவர அவள் மனு கொடுத்தால், முகாமைவிட அது பல மடங்கு பயன் தரும்.

தூரத்தையும் கிலோமீட்டரில் எழுத வேண்டாம். மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி, சமவெளியில் ஐயாயிரம். தலைகளை எண்ணுகிற அந்த விதி, நிறைமாதக்காரி எத்தனை நேரம் நடக்க வேண்டும் என்பதை எண்ணுவதில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் 108 வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் வரை நடக்க எத்தனை நிமிடம், செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் யானையோ காட்டெருமையோ வரும் பாதை எது, இந்த மூன்றையும் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கர்ப்பிணிகளின் பிரசவத் தேதியை அதோடு சேர்த்துப் பார்த்தால் யாரை முன்கூட்டியே இறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். பெண்கள் வர மறுப்பது அறியாமையால் அல்ல. வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது, கூட வருபவரின் கூலிக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் நின்றுவிடும். மூன்றாம் மாதத்திலேயே அதைச் சரிபார்த்துவிட வேண்டும்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதார ஊழியர்கள் காலை பத்து முதல் ஒரு மணி வரை சர்க்கரை, பிரஷர் பார்க்க வந்தால் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவளோ பழம் பறிப்பவளோ எப்படி வருவாள்? மாலையில் எடை போடும் இடத்துக்குப் போனால் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி மாத்திரை கொடுப்பது நல்ல ஏற்பாடு. வீட்டில் ஆள் இருக்கிற நேரத்தில் போனால்தான் அது முழுமையாகும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். டீயில் இருப்பது இரும்பை உடம்பில் சேரவிடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வெறும் தண்ணீரோடு போடட்டும். டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எங்கள் நீலகிரியில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் பெரிய கவலை. இந்தியாவிலேயே அது முதலில் கண்டறியப்பட்டது 1952-இல் இந்த மலைப் பழங்குடிகளிடம்தான். கோத்தகிரியில் நாவா என்ற ஆதிவாசி நலச் சங்கமும் கூடலூரில் அஸ்வினி மருத்துவமனையும் நெடுங்காலமாக இதில் உழைக்கிறார்கள். குளிரும், உடம்பில் நீர் வற்றுவதும் வலியைக் கிளப்பிவிடும். ஆகவே இவர்களுக்குக் கம்பளியும் குடிநீரும்கூட மருந்துதான். தாய் தகப்பன் இருவரும் மரபுக்கூறு சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. உங்கள் பக்கம் சோதனை தேவையா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்கட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: சோதனை முடிவுப் பட்டியல் எதையும் கிராம சபையில் வாசிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் கல்யாணம் அதில் சிக்கிக்கொள்ளும்.

பணம் எங்கே என்று கேட்பாள். கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்குத் தலைவர் அவள்தான். ஆண்டுக்கு 10,000 ரூபாய் அதற்கென்று உண்டு. சின்னத் தொகைதான், பேனருக்கும் டீ வடைக்கும் கரையாமல் இருந்தால் குளோரோஸ்கோப்புக்கும், பிரஷர் மிஷின் பேட்டரிக்கும், நள்ளிரவு ஜீப் வாடகைக்கும் ஆகும். பெரிய செலவுகளைக் கிராம சபைத் தீர்மானத்தோடு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்ற வேண்டும். இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துச் சபையைக் கடைமடைக் குடியிருப்பிலேயே கூட்டச் சொல். கடைசிக் குழாயின் மூன்று மாத அளவுகளை அங்கே அவளே வாசிக்கட்டும்.

கடைசியாக உனக்கு ஒன்று. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தும், தலைவரின் கணவரோ அண்ணனோ நாற்காலியில் உட்காருவது நிற்கவில்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீசுக்கு அவளுக்குப் பதிலாகப் போகாதே. தொட்டி ஏணியில் அவளே ஏறட்டும், சோதனைக் குழலும் அவள் கையிலேயே இருக்கட்டும். குடிநீர் விஷயத்தைப் பெண்கள் அவளிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

வத்தலகுண்டில் குளோரோஸ்கோப் கிடைக்காவிட்டால் எழுது, இங்கிருந்து பார்சல் போடுகிறேன். மருந்துக் குப்பியில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய மருந்து நிறமே காட்டாது. முதல் அளவு எவ்வளவு வந்தது என்று தங்கச்சியையே எழுதி அனுப்பச் சொல். பூஜ்யம் வந்திருந்தால், எந்த இரண்டு குழாய்க்கு நடுவே என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

அன்புடன்,
உன் கோத்தகிரி நண்பன்