உன் அண்ணனை நினைத்து நீ கேட்டதற்கு

கண்ணு,

ராத்திரி போனில், "எனக்குப் பிறக்கிறதும் அண்ணன் மாதிரி இருக்குமாம்மா"ன்னு கேட்டுவிட்டு நீயே வைத்துவிட்டாய். அப்பா பக்கத்தில் படுத்திருந்தார், அதனால் நான் திரும்பக் கூப்பிடவில்லை.

அப்போது உன் அண்ணனுக்கு மூன்று வயசு. காவேரிப்பட்டணம் வீட்டுத் திண்ணையில் மாங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அவனுக்கு இருந்தது ஆட்டிசம். கிரகணத்தில் வெளியே போனாய் என்றார்கள். எட்டாம் மாதம் பிறந்தது உருப்படாது என்றார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், ஆனால் ஒரு டாக்டர், பெற்றவள் பாசமாகப் பேசி வளர்க்கவில்லையா என்று கேட்டாரே, அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். பல வருஷம் அதை நம்பினேன் கண்ணு.

அவனுக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர்தான் அதை மாற்றினார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் தாயைத்தான் குற்றம் சொன்னார்களாம். அப்புறம் 1977ல் இங்கிலாந்தில், ஒருவருக்காவது ஆட்டிசம் இருக்கிற இரட்டையர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடியில் 4 ஜோடிக்கு, இரண்டு பேருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பிறப்பிலேயே இருக்கிறது என்று அதில் தெரிந்தது. ஆனால் மீதி 7 ஜோடியை யோசித்துப் பார், ஒரே ஜீன்தான், ஆனால் ஒருவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது மற்றவனுக்கு இல்லை, ஆக ஜீன் மட்டுமே எல்லாம் இல்லை. அந்த ஜீனும் ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். சிலது அம்மா அப்பா இரண்டு பேரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக வருவது. அதில் பல, வயிற்றுக்குள் மூளை உருவாகும்போதே வேலை செய்கிறவை. நான் தாலாட்டுப் பாட ஆரம்பிக்கும் முன்பே நடந்துவிட்டது அது!

வெளியிலிருந்து வருவதும் உண்டு. கர்ப்பத்தில் ரூபெல்லா வருவது, ரொம்ப முன்னாடியே பிறப்பது, இப்படி. அண்ணன் குறைமாதம், அதுவும் சேர்ந்திருக்கலாம், அதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஸ்வீடனில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2020ல் சொன்னது இது: அம்மாவின் அல்லது அப்பாவின் கூடப்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளில் 100க்கு 3 முதல் 5 பேருக்கு அது வந்திருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் 100க்கு ஒன்றரை. கூடுதல்தான், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 100க்கு குறைந்தது 95 பேருக்கு வரவில்லை என்பதையும் பார்.

வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடவா என்றாயே, அதை மட்டும் செய்துவிடாதே. ஆட்டிசத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது வால்ப்ரோயேட் என்கிற வலிப்பு மருந்து, அதை உன் டாக்டர் கல்யாணத்துக்கு முன்பே மாற்றிவிட்டார். நீயாக நிறுத்தி வலிப்பு வந்தால் உனக்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. அடுத்த தடவை போகும்போது மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டிக் கேள். பிறந்த பிறகு தடுப்பூசி எதையும் தள்ளிப் போடாதே. ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது.

அண்ணன் மாதிரியே பிறந்தாலும் நான் வந்து உன்னோடு இருப்பேன். எதைச் சீக்கிரம் கவனிக்கணும், யாரிடம் போகணும் என்று இப்போது எனக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியாது.

வளைகாப்புக்கு நீ வருகிற தேதியை அவன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். தினமும் காலையில் எழுந்ததும் இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறான். இன்றைக்கு 41.

அம்மா