அலங்கத்தின் அடியில் இருந்த வீடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவிலிய கால அரணான பட்டணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மதில்களின் உயரத்தையும் கனத்தையும் விரிவாக எடுத்துரைத்த கட்டுரையாளர், அவற்றை எழுப்புவதற்காக உள்ளே வாழ்ந்த மக்கள் எதை இழந்தார்கள் என்பதைத் தொடாமலே விட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

எருசலேமையே எடுத்துக்கொள்ளலாம். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய மதிலுக்கு வெளியே மேற்குக் குன்றில் பரவியிருந்த குடியிருப்பையும் அசீரியப் பேரரசின் படையிடமிருந்து காக்க வேண்டிய நிலை யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா அரசனுக்கு ஏற்பட்டது. அப்போது எழுந்ததாகக் கருதப்படும் மதிலின் ஒரு பகுதியை, 1969இல் தொடங்கிய அகழாய்வில் தொல்லியலாளர் நாமன் அவிகாத் வெளிக்கொணர்ந்தார். சுமார் 65 மீட்டர் நீளத்துக்குத் தெரியும் அதன் அகலம் 7 மீட்டர். அந்தக் கற்களுக்கு அடியில் இருந்தவை, மதிலுக்கு வழிவிட இடிக்கப்பட்ட வீடுகளின் சுவர்கள். எருசலேமின் வீடுகளை எண்ணி, அலங்கத்தை (அதாவது மதிலை) அரணாக்க அவற்றை இடித்தீர்கள் என்று ஏசாயா 22ஆம் அதிகாரம் கடிந்துரைப்பதை, அலங்கம் என்ற சொல்லைத் தமிழ் வேதாகமத்தில் பலமுறை படித்த நான்கூட வெறும் உவமை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

மதில் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் அதே அரசன் அறிந்திருந்தான். முற்றுகையில் பசியைவிட முந்திக் கொல்வது தாகம் என்பதால், கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்தவர்கள், இடையில் மூன்று முழம் மீதமிருக்கையில் ஒருவரையொருவர் கூப்பிட்ட குரலைக் கேட்டார்கள் என்று 1880இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. அரசனின் பெயரைக்கூடச் சொல்லாமல் பாறையை வெட்டியவர்களைப் பற்றிப் பேசும் அந்தச் சில வரிகள், அரச வெற்றிப் பட்டியல்கள் எல்லாவற்றையும்விட என்னை நெகிழ வைக்கின்றன.

இவ்வளவு செய்தும் எல்லா நகரங்களும் தப்பவில்லை. கி.மு. 701இல் யூதாவின் அரணான நகரமான லாகீசை வளைத்த அசீரிய அரசன் சனகெரிபின் படை, அதன் மதிலை எட்டுவதற்காகக் கற்களைக் கொட்டிச் சரிவுப் பாதை ஒன்றை எழுப்பியது. உள்ளே இருந்தவர்களும் மதிலின் பின்புறம் மண்மேடு குவித்து எதிர்த்துப் பார்த்தார்கள். அந்த இரண்டும் இன்றும் அங்கே இருக்கின்றன. நகரம் விழுந்த காட்சியைச் சனகெரிப் தன் தலைநகரான நினிவேயில் இருந்த அரண்மனைச் சுவர்களில் செதுக்கி வைத்தான். அவற்றில், மாட்டு வண்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு பெண்களும் குழந்தைகளும் நாடு கடத்தப்படுகிறார்கள்.

இத்தலைப்பில் மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, மதிலின் அளவுகளோடு அந்த வண்டிகளையும் இடிபட்ட வீடுகளையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்