ஓய்வுபெற்ற அரசுச் செய்தி அதிகாரிகளுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அமைச்சர்களுக்கும் துறைகளுக்கும் பத்திரிகைச் செயலாளராகவும் பி.ஆர்.ஓ.வாகவும் இருந்து ஓய்வுபெற்ற உங்களுக்கு எழுதுகிறேன். சென்னை, டெல்லியோடு கொழும்பில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் தொழிலில் இருந்தவர்கள் பதவி முடிந்ததும் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். ஒபாமாவின் பத்திரிகைச் செயலாளர்களாக இருந்த ராபர்ட் கிப்ஸ் மெக்டொனால்ட்ஸிலும் ஜே கார்னி அமேசானிலும் 2015இல் சேர்ந்தார்கள். டிரம்பிடம் இருந்த சாரா சாண்டர்ஸ் தேர்தலில் நின்று 2023இல் ஆர்கன்சா ஆளுநரே ஆகிவிட்டார். எங்கள் ராமேசுவரத்துக் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவருடைய பத்திரிகைச் செயலாளர் எஸ்.எம்.கான், பின்னாளில் கலாமைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரவர் பிழைப்பு, அவரவர் விருப்பம்.

எனக்குப் பிடித்தவர் குல்தீப் நய்யார். சியால்கோட்டில் பிறந்து, பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது அவருக்குச் செய்தி அதிகாரி. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்த இரவு அவரும் அந்த ஊரில்தான் இருந்தார். ஒரு காலத்தில் அரசுக்காகப் பேசிய அந்த மனிதரை 1975 நெருக்கடி நிலையில் அரசே சிறையில் அடைத்தது. பிறகு 1990இல் லண்டனில் இந்தியத் தூதர், 1997இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். இத்தனை பதவிகளையும் தாண்டி அவர் எனக்குப் பெரியவராகத் தெரிவது வாகா எல்லையில்தான். தொண்ணூறுகளில் தொடங்கி, ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் இந்தியா-பாகிஸ்தான் நட்புக்காக மெழுகுவத்தி ஏற்றினார். கேலி செய்தவர்களைப் பொருட்படுத்தவில்லை. 2018இல் இறந்தபோது அவருக்கு வயது 95.

எங்களுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் பாக் நீரிணைக்கு அப்படி ஒருவர் இல்லை. இங்கே எங்கள் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் இரு கரையிலிருந்தும் அறிக்கை வருகிறது. எங்கள் பக்க அறிக்கையில் கடலடியை அரித்து இழுக்கும் வலையான இழுவை மடியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டே தடைசெய்தது. எங்கள் நாட்டுப்படகுக்காரர்களும் அந்த மடியால்தான் கடலடி நாசமாகிறது என்கிறார்கள். (இழுவைப் படகு வைத்திருக்கும் சம்மாட்டியின் மகனான நான் இதை எழுதினால் வீட்டில் சோறு கிடைப்பது சிரமம்.) அவர்கள் பக்க அறிக்கையிலோ, படகு பறிமுதலானபின் கடனோடு நிற்கும் குடும்பம் இருக்காது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவாகும் மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அறிவு எங்களுக்குத் தேவை.

2017இல் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்று என்று அறிவித்தார்கள். ஒரு படகுக்கு 80 லட்சம். 70 சதவீதம் அரசுகளின் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி பயனாளி கையிலிருந்து. அறிவித்தது ஊரெல்லாம் கேட்டது. மூன்று ஆண்டு கழிந்தும் எண்ணிக்கை இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. அதை அறிவிக்க யாரும் மைக்கைப் பிடிக்கவில்லை. அறிவிப்புக்கும் படகுக்கும் இடையே என்ன நடந்தது என்று எழுத உங்களைவிடத் தகுதியானவர் யார்? ரகசியக் காப்புச் சட்டம் தடுப்பதை விட்டுவிடுங்கள். மற்றதே ஒரு புத்தகத்துக்குக் காணும்.

இன்னொரு வேண்டுகோள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இரு நாட்டு மக்களும் ஒரே கோயிலில் கூடுவார்கள். கைதுகளைக் கண்டித்து 2024இல் எங்கள் ஊர்ப் படகுகள் போகவில்லை. அடுத்த முறை போகும்போது நீங்களும் ஏறுங்கள். கொழும்பிலிருந்து உங்களைப் போன்ற ஒருவர் வரட்டும். தேர் சுற்றி முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, ஒரே கைதைப் பற்றி இரு அரசுகளும் விட்ட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்டதை எழுதிச் சேருங்கள். வலை பின்னும் ஆணும் கருவாடு விற்கும் பெண்ணும் கேட்கும்படி இருவரும் அதை வாசிக்க வேண்டும்.

பயணப் பதிவு ராமேசுவரத்தில் நடக்கும். அடையாள அட்டை கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரர் ஒருவரின் மகன்