சோற்றைக் குறைத்தவரின் குளிசையையும் ஒருக்கால் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நீரிழிவுக் கிளினிக் நடத்தும் வைத்திய அதிகாரிகளுக்கும் போசாக்கு ஆலோசனை சொல்பவர்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

விடியப்புறமே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றியோ, ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்க முடியாத உங்கள் நிலையைப் பற்றியோ நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சோற்றையும் மாச்சாப்பாட்டையும் குறைத்தோ அடியோடு விட்டோ, மீன், முட்டை, இறைச்சி, கீரை என்று மாறிக்கொண்ட சீனி வருத்தக்காரர்கள் உங்களிடம் வந்துகொண்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதை அவர்கள் வாய் திறந்து சொன்னால் "ஆர் உங்களச் சோத்த விடச் சொன்ன?" என்று ஏச்சு விழுகிறது. பழைய குளிசை பழைய அளவிலேயே கொப்பியில் ஏறுகிறது.

சென்ற மாதம் ஒரு கிளினிக்கில், இரவில் சீனி 52க்கு இறங்கியதைத் துண்டில் எழுதிக் கொண்டுபோன ஒருவருக்கு "ஓட்ஸ் சாப்பிடுங்க" என்று பதில் கிடைத்தது. அன்று விடிய எடுத்த இரத்தத்தில் 212 இருந்ததால் சீனியைக் குறைக்கும் குளிசையான கிளிக்லசைட் இரவுக்கு 40இலிருந்து 80 மில்லிகிராம் ஆனது. துண்டை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள், ஆனால் கொப்பியை மூடுமுன் குளிசையின் அளவைப் பாருங்கள்.

அந்த இரவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு கோப்பைச் சோறு 350 கிராமுக்குக் குறைவது அபூர்வம். அப்படியென்றால் ஒரு வேளைக்கே நூறு கிராம் மாச்சத்து. குளிசை எழுதப்பட்டது அந்தக் கணக்கில். சோறில்லாமல் கீரிமீன் குழம்பும், வெண்டிக்காய்ப் பால்கறியும், முருங்கை இலை வறையும் சாப்பிட்டால் பத்துப் பதினைந்து கிராம்தான் உள்ளே போகிறது. கிளிக்லசைட் அதையெல்லாம் பார்ப்பதில்லை. சோறு வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். எட்டு மணிக்கு விழுங்கிய குளிசை இரண்டு மணிக்குத் தலையணையை வியர்வையில் நனைக்கிறது, விரல் நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. வீட்டார் பதறியடித்துச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, அதற்கு மேல் பாணையும் வாழைப்பழத்தையும் ஊட்டிவிடுகிறார்கள். தேவைப்பட்டது 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி. பிறகு 15 நிமிடம் பொறுத்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஆனால் கொடுத்தது அதைப் போல நாலைந்து மடங்கு.

விடிந்தால் கிளினிக் நாள். இரத்தத்தில் இருநூறுக்கு மேல் காட்டும். அந்த இருநூறு கொப்பியில் ஏறும், இரவு கண்ட 52 ஏறாது. எண் கூடினால் குளிசையைக் கூட்டுவது வழக்கம் என்பதால் கூட்டுவீர்கள். கூட்டிய குளிசை அடுத்த முறை இன்னும் கீழே இழுக்கும். இரண்டு தரம் இப்படி நடந்தால் மனிதர் பயந்துபோய்ச் சோற்றுக்கே திரும்பிவிடுவார், கூட்டிய குளிசையோடு. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னன்தானே" என்று நீங்களும் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. நோன்பு காலத்தில் காத்தான்குடியிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வருகிறவர்களுக்குக் காலைக் குளிசையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹருக்குரியதை, அதாவது விடியுமுன் சாப்பாட்டோடு எடுப்பதை, குறைத்து எழுதிக் கொடுக்கிறீர்கள். பகலில் சாப்பாடு இல்லையென்றால் அதே அளவு குளிசை ஆபத்து என்பதால்தானே? ஒரு மாதம் பகலில் சோறு இல்லாதவருக்குச் செய்வதை, வருடம் முழுக்கச் சோறு இல்லாதவருக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், ரொல்பியூட்டமைட் ஆகிய மூன்றும் சீனியை இறக்கிவிடக்கூடியவை. மாச்சத்தைக் குறைக்கும் நாளிலேயே இவற்றைப் பாதியாக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். இன்சுலின் போடுகிறவருக்கும் அளவு குறைய வேண்டும், ஆனால் முதலாம் வகை நீரிழிவுக்காரர் என்ன சாப்பிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. மெற்போமின் தனியாக இருந்தால் பெரிய பயமில்லை. சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் எடுப்பவர்கள்தான் உண்மையில் கவலைக்குரியவர்கள். மாச்சத்தை அடியோடு விட்டு இவற்றையும் விழுங்கினால், மீற்றரில் சீனி அவ்வளவாகக் கூடாமலே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வருபவரை "சீனி 180தானே" என்று திருப்பி அனுப்பினால் ஆள் தப்புவது கடினம்.

பிரசர் குளிசையும் இந்தக் கணக்கில் சேரும். மாச்சத்துக் குறைந்தால் இன்சுலின் குறைகிறது, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்தது என்று சந்தோஷப்படுகிறார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். அதே வாரத்தில் தலையிடி, கெண்டைக்கால் பிடிப்பு, எழும்பினால் தலைச்சுற்று. சீனி இறங்கிவிட்டதென்று நினைத்து பிளேன்டீயில் சீனி போட்டுக் குடிப்பார்கள், சுற்று நிற்காது. மீற்றரில் 110 இருந்தும் தலை சுற்றினால் பிரசரை நிற்க வைத்து அளக்க வேண்டும். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்ட மீன்தலைச் சூப் ஒரு கோப்பையே போதுமாக இருக்கும். கோளாறு உள்ளவருக்கு அதைச் சொல்லக் கூடாது. யார் எந்தப் பக்கம் என்பது உங்கள் கையில் இருக்கும் கொப்பியில்தான் இருக்கிறது.

நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டுத் தாளைப் பற்றியும் ஒரு சொல். ஓட்ஸ், தவிட்டுப் பாண், கொழுப்பு நீக்கிய பால். வாவியில் இறாலும் நண்டும், கரையில் சூரையும் பாரையும், வேலியில் முருங்கையும் முசுட்டையும் கிடக்கிற ஊருக்குக் கப்பலில் வந்த ஓட்ஸ்! குரக்கன் பிட்டை மருந்துபோலச் சொல்லி அனுப்புகிறீர்கள். குரக்கன் மா 100 கிராமில் ஏறக்குறைய 72 கிராம் மாச்சத்து இருக்கிறது. நிறம் கறுப்பென்பதால் அது கீரையாகிவிடாது. சிவப்பரிசியும் அப்படித்தான். எருமைத் தயிர் அளவோடு பரவாயில்லை, அதன் மேல் ஊற்றும் பாணிதான் வினை. குளிர்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு வட்டம் போட இந்த நாட்டுக்கு 2016இல் முடிந்தது, சோற்றுக் கோப்பைக்கு ஒரு மஞ்சள் வட்டமாவது யாரும் போடவில்லை. கிளினிக் வாசல் கடையில் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்காகப் பணிஸும் ரோல்ஸும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு யாரும் ஏசுவதில்லை.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சி மட்டும் தின்பவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அதை நீங்கள் ஆதரிக்க வேண்டுமென்று கேட்கவில்லை. பல வருடம் ஓடிய ஒழுங்கான பரிசோதனை எதுவும் அதற்கு இல்லை. 1928இல் நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையில் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சி மட்டும் உண்ணத் தொடங்கினார். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தபோது சில நாளிலேயே வயிற்றோட்டமும் சோர்வும் வந்தன, கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். நம்மவர்கள் செய்யும் பிழையும் அதேதான். தோலுரித்த கோழி நெஞ்சை அவித்துத் தின்றுவிட்டு "உடம்புக்கு ஒத்துவரல்ல" என்பார்கள். வேறு தொல்லைகளும் உண்டு: சிலருக்குக் கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். மளமளவென்று ஏறும், யூரிக் அமிலம் கூடிப் பெருவிரல் வீங்கும். இரத்தம் எடுப்பதற்கு முந்திய இரவு நிறைய இறைச்சி தின்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய போன்ற இடங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. கிரியேட்டினின் பார்க்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது என்று நீங்களே உரத்துச் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து சொல்கிறோம்.

சோற்றைக் குறைப்பது வேறு கதை. 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் அறிக்கை, இரத்தச் சீனியைச் சீராக்க மொத்த மாச்சத்தைக் குறைப்பதற்கே அதிக ஆதாரம் இருப்பதாக எழுதியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மூன்று முட்டையும் சமைத்த மீன் 250 கிராமும் ஒரு நாள் புரதத்துக்குப் போதும். மாட்டிறைச்சி தொடாத வீட்டிலும் இது நடக்கும். சோறு முழுவதையும் ஒரே நாளில் விடத் தேவையுமில்லை. கோப்பையைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கத்தரிக்காயையோ புடலங்காயையோ வைத்தாலே எண் மாறும். எண் மாறினால் குளிசை மாற வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

ஆகவே பணிவாகக் கேட்கிறோம். கொப்பியில் எடைக்கும் பிரசருக்கும் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சோறு?" போன முறை மூன்று, இம்முறை ஒன்று என்றால் குளிசையில் கைவையுங்கள். வீட்டில் எடுத்த அளவுகளைத் துண்டில் கொண்டுவந்தால், அந்தத் துண்டைக் கொப்பியில் பின் குத்துங்கள். இரவில் 70க்குக் கீழே ஒரு தடவை இறங்கியிருந்தாலும், காலை அளவு எவ்வளவாக இருந்தாலும், அன்று குளிசையைக் கூட்டாதீர்கள். இதற்குப் புதுச் சுற்றறிக்கையோ புதுக் கருவியோ வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் நாளிலேயே தொடங்கலாம், தயவுசெய்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சோற்றைக் குறைத்துவிட்ட, ஆனால் உங்கள் கையெழுத்தில்லாமல் குளிசையைக் குறைக்க விரும்பாத சிலர்